பெண்கள் பக்கத்துப் படம்

ஜுனைதா எடுத்த படங்களைச் சாய்ந்தமருதில் எந்த ஆம்பிளையும் பார்த்ததில்லை, மாப்பிள்ளைமாரைத் தவிர. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர் மசூர். கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

அந்த ஊரில் கல்யாணத்துக்கு இரண்டு பக்கம். ஆண்கள் பக்கத்தை மசூர் போன்றவர்கள் எடுப்பார்கள். பெண்கள் பக்கம் ஜுனைதாவுக்கு. கதவைச் சாத்தின பிறகு உள்ளே நடப்பது வேறொரு கல்யாணம். முக்காடு இறங்கும், கொண்டை அவிழும், வாசலில் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்ற மாமிமார் வயிறு நோகச் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் எடுப்பாள். கமராவின் கார்டைச் செருகினால் அச்சடித்துத் தரும் சின்னப் பிரின்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அறையைப் பூட்டிக்கொண்டு தானே அச்சடித்து, அல்பத்தில் ஒட்டி, பெண்ணின் தாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். பிறகு அந்தத் தாயின் கண் முன்னாலேயே கார்டில் இருப்பதை அழிப்பாள். "அழிச்சிட்டன், பாருங்க மாமி." அத்தோடு வேலை முடிந்தது. அதை ஒழுங்காகச் செய்யாதவளை அடுத்த கல்யாணத்துக்கு எவரும் கூப்பிட மாட்டார்கள்.

சிலர் பார்த்தும் பாராமலும் தலையாட்டுவார்கள். ஆயிஷா உம்மா அப்படியில்லை. மகளின் கல்யாணப் படங்களை ஜுனைதா அழித்துக் காட்டியபோது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்காக் காட்டு புள்ள. இந்த மெசினுகள நம்பேலா" என்றவர். மூன்றாம் தரமும் காட்டிய பிறகுதான் தேத்தண்ணி வந்தது.

ஆக, ஜுனைதாவின் படங்கள் எல்லாம் ஊரின் அலுமாரிகளுக்குள் பூட்டுப்பட்டுக் கிடந்தன. அவள் நல்ல படப்பிடிப்பாளியா, சுமாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை. "வடிவா இரிக்கி" என்பார்கள் பெண்கள். அது பெண்ணைப் பற்றிய பேச்சு. படத்தைப் பற்றியதல்ல. வேறு எதற்கும் அலட்டிக்கொள்ளாத அவளை இந்த ஒன்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் புருசன். கடற்கரைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். சுனாமி அவரையும் ஸ்டூடியோவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மய்யித்துக் கிடைத்தது, கமராக்கள் கிடைக்கவில்லை. நிவாரணக்காரர்கள் விதவைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தையல் மெசின் கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஊரில் தைக்கத் துணி இருந்ததைவிட மெசின்கள் அதிகம். ஜுனைதா தன் பங்கு மெசினை விற்றுப் பழைய கமரா ஒன்று வாங்கினாள். ஊர் ஏசியது. பிறகு அந்த ஊரே தன் கல்யாணங்களுக்கு அவளைக் கூப்பிட்டது.

யுத்தம் முடிந்து அடுத்த வருசம் பாதைகள் திறந்தன. மசூருக்கு ஒரு யோசனை வந்தது. "எத்தின வருசமா மாப்பிள்ளைமார்ர மூக்கையே எடுத்துக்கிட்டிருக்கம்? இனி மலையை எடுப்பம்" என்றார். கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து மேற்கே உள்நாட்டுக்குப் போய் மலையும் குளமும் புல்வெளியும் எடுப்பது. பிறகு கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, ஆளுக்கொரு படமாகப் பெரிதாக்கி மாட்டுவது. கீழே பெயர் போடுவது.

பெயர் போடுவது என்ற இடத்தில்தான் ஜுனைதாவுக்குக் காது நிமிர்ந்தது. மலைக்கு முக்காடு இல்லை. மலையை யாரும் பார்க்கலாம்.

அவளுடைய தம்பி இன்பாஸ் வேன் ஓட்டுகிறவன். அவனுடைய வேனில்தான் பயணம். அதனால் அவள் போவதற்கும் எவரும் வாய் திறக்கவில்லை. முதல் பயணம் லகுகல. மற்றவர்களுக்குப் படத்தில் யானை விழுந்தது, அவளுக்குத் தூசி விழுந்தது. இரண்டாவது இங்கினியாகல. போய் இறங்கியதிலிருந்து மழை. மூன்றாவது நில்கல. அதுதான் கடைசி. அடுத்த கிழமை படம் மாட்ட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் படம் தெரிவுசெய்துவிட்டார்கள். அவளிடம் ஒன்றுகூட இல்லை.

"இந்தத் தரமும் ஒண்டும் கிடைக்காட்டி, உன்ட பேரை மட்டும் மாட்டுவம்" என்றார் மசூர், வேனில் ஏறும்போதே. ஜுனைதாவுக்கு அவர் காக்கா, அண்ணன் முறை.

"பேரைப் பார்க்கவாவது ஆக்கள் வருவாங்க காக்கா. உங்கட யானைக்கு அதுவுமில்ல. குண்டியைத்தானே எடுத்திரிக்கீங்க."

இன்பாஸ் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுத்தான் புறப்பட்டார்கள். அதுவே மசூருக்கும் நல்லரெத்தினத்துக்கும் ஒவ்வொரு பயணத்திலும் வாக்குவாதம். பாண்டிருப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நல்லரெத்தினம் இந்தக் குழுவில் வயதால் மூத்தவர். "மலையில வெயில் ஏற முதல் நிக்கணும் மசூர். நீங்க தொழுது முடிச்சுச் சால்வையை மடிக்கக்குள்ள சூரியன் எழும்பித் தேத்தண்ணியும் குடிச்சிட்டான்."

"அவன் குடிச்சிட்டுப் போகட்டும் அண்ணன். மலை எங்கயும் போகாது."

அம்பாறைக்கு இப்பால் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கமராக்கால் பையைத் திறந்து, மூன்று காலையும் விரித்து, திருப்பி மடிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். மசூர் இறங்கி மடித்துக்கொடுத்தார். போகச் சொன்னான்.

நில்கலவில் இறங்கியபோது வெயில் ஏறித்தான் இருந்தது. ஆனால் மலைகளின் இடுப்பில் பனி இன்னும் கிடந்தது. மாரி முடிந்த கையோடு மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து, நுனி மட்டும் பழுக்கத் தொடங்கியிருந்தது. இடையிடையே கடுக்காய் மரமும் நெல்லி மரமும் தனித்தனியாக நின்றன. புல்லுக்கு அப்பால் மலை, அதற்கு அப்பால் இன்னொரு மலை. கடற்கரைக்காரர்களுக்கு இது புதிது. தட்டையான தண்ணீரையும் தட்டையான வயலையும் பார்த்த கண்கள்.

நல்லரெத்தினம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஸ்டூடியோவில இதே மாதிரித்தான் திரைச்சீலை கிடந்தது. மலையும் புல்லும் கீறினது. அதுக்கு முன்னால எவ்வளவு சனத்தை இருத்தி எடுத்திருப்பன். உண்மையைச் சொல்லப்போனா, என்ட சீலையில இருந்த மலை இதைவிட வடிவு."

எல்லோரும் பெரிய பாறை ஒன்றில் ஏறினார்கள். ஏறிய கையோடு நல்லரெத்தினம் முதல் படத்தை எடுத்தார். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது. கல்யாண வீட்டுப் பழக்கம், கை விடவில்லை.

"அண்ணன், மலை கண்ணைச் சிமிட்டிட்டு. இன்னொண்டு எடுங்க" என்றார் மசூர்.

ஜுனைதா பாறையில் ஏறவில்லை. அபாயாவோடு ஏறும் பாறையல்ல அது. அடிவாரத்தைச் சுற்றி மறுபக்கம் போனாள். புல்லில் உண்ணி இருக்கும் என்று இன்பாஸ் எச்சரித்தான். அவன் வேன் கதவைத் திறந்து வைத்துக் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.

மறுபக்கத்தில் சரிவு மெல்ல இறங்கி ஒரு ஓடையில் முடிந்தது. ஜுனைதா கமராவைக் கண்ணில் வைத்தாள். மலை, பனி, புல். எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. ஆனாலும் விரல் அழுத்தவில்லை. அவளுக்கே காரணம் தெரியவில்லை. காத்திருந்தாள். காற்று ஒன்று வந்து புல்லை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அப்போது அழுத்தினாள்.

திரையில் பார்த்தபோதுதான் தான் எதற்குக் காத்திருந்தாள் என்று புரிந்தது. சரிவின் நடுவில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஓடையில் குளித்துவிட்டு வந்து முடி காயவைக்கிறார்கள். நனைந்த துணிகள் ஒரு கல்லில் விரித்திருந்தன. பக்கத்தில் சாக்குகள், நெல்லியும் கடுக்காயும் பொறுக்க வந்த சிங்களப் பெண்கள். இரண்டு பேர் முதுகைக் காட்டியபடி. மூன்றாமவள் நீள முடியை இரண்டு கையாலும் பிடித்துக் காற்றில் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அவளுடைய முடியும் புல்லும் ஒரே திசையில் பறக்கின்றன. அவர்களுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய மலை.

மணப்பெண் கொண்டை அவிழ்க்கும் நேரத்துக்குக் காத்திருக்கும் அதே விரல்தான் இங்கேயும் காத்திருந்திருக்கிறது. மலையை எடுக்க வந்தவள் பெண்கள் பக்கத்தை எடுத்துவிட்டாள்.

படம் நல்ல படம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவ்வளவு காலத்தில் எடுத்ததில் இதுதான் ஆக நல்லது என்பதும் தெரிந்தது.

பாறையடியில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிரித்தார்கள். சாப்பிடும்போது கமராக்களைக் கைமாற்றிப் பார்ப்பது பயணத்தின் வழக்கம். ஜுனைதாவின் முறை வந்தபோது அவள் கமராவைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காட்டு புள்ள. மலையத்தானே எடுத்த, மணப்பொண்ணயா எடுத்த?" என்றார் மசூர்.

"பொண்டுகளும் இரிக்காங்க காக்கா. குளிச்சிப்போட்டு முடி காய வைக்காங்க. நான் எடுத்தது அவங்களுக்குத் தெரியா."

"எவ்வளவு பெரிசா விழுந்திருக்காங்க தங்கச்சி?" நல்லரெத்தினம் கேட்டார்.

"நகத்தளவு."

"அப்ப எறும்பு மாதிரித்தானே."

"எறும்புட முகம் தெரியாது அண்ணன். இதில ஒராளுட முகம் நல்லாத் தெரியிது."

மசூர் ரொட்டியை வாயில் வைத்தபடியே சொன்னார்: "அவங்க சிங்களப் பொண்டுகள் புள்ள. முடி தெரியிறது அவங்களுக்கு ஒரு விசயமா? ரோட்டுலயும் அப்பிடித்தானே போறாங்க."

"விசயமா இல்லையா எண்டு நமக்கு என்னெண்டு தெரியும்?"

"இஞ்ச பாரு. வாற கிழமை ஹோல் எடுத்திரிக்கி. உனக்கு வேற படமில்ல. யோசிச்சுக் கதை."

அவர் சொன்னது சரி. ஜுனைதா யோசித்தாள். இன்னும் இரண்டு தரம் கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். அவ்வளவுக்கு அவளுக்கு ஆசை இருந்தது. யாராவது ஒருவர் பார்த்து, ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது. ஆனால் கமராவைச் சால்வைக்குள் பிடித்திருந்த கை விடவில்லை. எழும்பிப் போய் இன்பாஸின் காலைத் தட்டினாள்.

"வா. கீழ போவம். அவங்கட்டக் கேப்பம்."

"ராத்தா, பைத்தியமா உனக்கு? ஆரு எவரெண்டு தெரியாத பொண்டுகளிட்டப் போய் என்னத்தக் கேக்கிற?"

"நெல்லு லொறி ஓடிப் படிச்ச சிங்களம் இரிக்கித்தானே. அத மட்டும் தா. மத்ததை நான் பார்க்கிறன்."

பாதி வழியில் அவனை ஒரு நெல்லி மரத்தடியில் நிறுத்தி, மறுபக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். அவன் மலையைப் பார்த்துக்கொண்டு தோளுக்கு மேலால் கத்தினான். பெண்கள் திடுக்கிட்டார்கள். கறுத்த அபாயாவோடு ஒருத்தி வருவதைக் கண்டதும் கொஞ்சம் ஆறினார்கள். அவர்களில் பருத்தவள் இன்பாஸைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"தம்பி ஏன் திரும்பி நிக்கான், நாங்க என்ன பேயா எண்டு கேக்கா."

"கூச்சம் எண்டு சொல்லு."

அவன் சொன்னான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஜுனைதா புல்லில் அவர்களோடு குந்தி இருந்து கமராவின் திரையைக் காட்டினாள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. ஈர முடியின் வாசம் அடித்தது. பருத்தவள் தன் முதுகை இனங்கண்டு, இது என் முதுகா, மாட்டு முதுகா என்று கேட்டதாக இன்பாஸ் மொழிபெயர்த்தான். கண்காட்சி, மண்டபம், சுவரில் மாட்டுவது, பெயர் போடுவது, எல்லாவற்றையும் ஜுனைதா சொல்லச் சொல்ல அவன் மலையிடம் கத்தினான். பருத்தவளும் மற்றவளும் தலையாட்டினார்கள். தாராளமாக மாட்டச் சொன்னார்கள்.

மூன்றாமவளின் பெயர் குசுமா. அவள் மட்டும் தலையாட்டவில்லை. ஜுனைதா பொத்தானை அழுத்தி அவளுடைய முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். குசுமா கமராவை இரண்டு கையாலும் வாங்கி, நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள்.

"எனக்குக் கேக்கல்ல ராத்தா."

பருத்தவள் அவளுக்காகச் சத்தம்போட்டுச் சொன்னாள். இன்பாஸ் காலால் புல்லைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"இவட மாப்பிள்ள ஆமியாம். போன வருசம் வன்னிச் சண்டையில, கடைசி நாளுகள்ல முடிஞ்சிட்டாராம். மாமியார்ட வீட்டதான் இரிக்காவாம். இவ சிரிக்கிற படம் வெளிய போகக் கூடாதாம்."

முடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஜுனைதாவுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கியிருந்தபோது, ஒருநாள் பருப்புக் கறிப் பானையோடு ஒருத்தர் வழுக்கி விழுந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருசனை அடக்கம் செய்த கிழமை அது. அந்தச் சிரிப்பை ஊர் இரண்டு வருசம் பத்திரமாக வைத்திருந்தது. மெசினை விற்றதைக்கூட மன்னித்தார்கள், சிரித்ததை மன்னிக்க நாளெடுத்தது.

"ராத்தா," இன்பாஸ் திரும்பாமலே தமிழில் சொன்னான். "இவங்கட ஊரால கல்முனைக்கு ஆரு வரப்போறா? சரியெண்டு தலையாட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போவம். இவங்களுக்கு ஒண்டும் விளங்காது."

அவன் கெட்டவனில்லை. அக்காவுக்கு ஒரு படம் வேண்டும் என்று நினைத்தான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. அந்தக் கிராமத்திலிருந்து ஒரு ஈகூட கல்முனைக்கு வந்திராது. குசுமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன கதைக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. என்ன விசயம் என்று மட்டும் விளங்கியது.

ஜுனைதா கமராவை வாங்கி, குசுமாவுக்குத் தெரியும்படி பிடித்து, குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாள். அழிக்கவா என்று கமரா கேட்டது. சரி என்றாள். திரை ஒருகணம் கறுத்து, சாவடிக்குப் போகும் முன் வேனுக்குள் எடுத்த நல்லரெத்தினத்தின் கொட்டாவி வந்தது.

"அழிச்சிட்டன், பாருங்க," என்றாள் தமிழில்.

குசுமா ஒரு விரலைக் காட்டினாள். இன்னொரு தரம். ஜுனைதா முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிக் காட்டினாள். கொட்டாவி, வேன் கதவு, கொட்டாவி. குசுமாவின் தோள் இறங்கியது. அந்தக் கொட்டாவியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது. இந்தத் தரம் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

போகும்போது சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லிக்காய் எடுத்து ஜுனைதாவின் மடியில் போட்டாள். முடியை முடிந்துகொண்டு, துணிகளைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் ஓடையைத் தாண்டிப் போனார்கள்.

வெயில் நன்றாக ஏறிவிட்டது. பனி போய்விட்டது. மலை தட்டையாக, வெளிறிப்போய் நின்றது. அவர்கள் இருந்த இடத்தில் புல் மூன்று குழிகளாகப் படுத்துக் கிடந்தது. துணி விரித்திருந்த கல்லில் ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. ஜுனைதா அந்த இடத்தைப் படமெடுத்தாள். பெரிய யோசனையெல்லாம் இல்லை. வெறுங்கையோடு மேலே ஏறினால் மசூரின் வாயைக் கேட்க வேண்டும்.

மேலே போனதும் மசூர் கேட்டார், "என்ன, விட்டாங்களா?"

"இல்ல. அழிச்சிட்டன்."

"அழிச்சிட்டியா? கார்டில வச்சிருந்தா எங்களுக்காவது காட்டியிருக்கலாமே!"

இன்பாஸ் நடந்ததைச் சொன்னான். ஆமி என்ற சொல் வந்தபோது நல்லரெத்தினம் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய தம்பியின் பெடியன் ஒருவனும் அதே வன்னியில், அதே கடைசி நாட்களில், மற்றப் பக்கத்தில் நின்றவன். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டு, "அழிச்சது நல்லம் தங்கச்சி" என்றார். மசூர் ஏதோ சொல்ல வாயெடுத்து, காற்சட்டைக்குள் உண்ணி கடித்ததில் துள்ளி எழும்பினார்.

அடுத்த கிழமை படங்கள் மாட்டினார்கள். ஜுனைதாவின் படம் கடைசிச் சுவரில், காற்றாடிக்குப் பக்கத்தில். கீழே பெயர். முதல் நாள் ஆண்கள் பார்த்தார்கள். மசூரின் யானைக்கு முன்னால்தான் கூட்டம், எந்தப் பக்கத்தை எடுத்திருந்தாலும் யானை யானைதான். ஜுனைதாவின் படத்துக்கு முன்னால் ஓர் ஆசிரியர் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, "இதில ஒண்டுமில்லயே" என்றார். மசூர் தன் பங்குக்கு, "வெளிச்சம் பிழை. உச்சி வெயில். சுமார்" என்றார்.

ஜுனைதா பக்கத்தில்தான் நின்றாள். இத்தனை காலமாகக் கேட்க ஆசைப்பட்ட தீர்ப்பு இது. அது சரியான தீர்ப்பும்கூட. வெளிச்சம் பிழைதான். நோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்க முடிந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் பெண்களுக்கு. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள், யானையைக் காட்டினார்கள், கதிரைகளில் இருந்து கால் நீட்டிக் கதைத்தார்கள். ஆயிஷா உம்மாவும் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் கடைசிச் சுவரில் நின்றார். பெயரை வாசித்தார். பிறகு படத்துக்கு மிகக் கிட்டப் போய், கண்ணாடியை மூக்கில் உயர்த்தி, விரலைக் கொண்டுபோனார்.

"இஞ்ச ஆரோ இரிந்திட்டு எழும்பிப் போயிரிக்காங்க போல, புள்ள."

"ஓம் மாமி."

"பொண்டுகளா?"

"ஓம். மூணு பேர்."

ஆயிஷா உம்மா கண்ணாடியைக் கழற்றாமல், அந்த மூன்று குழிகளையும் ஈரக் கல்லையும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.